கரும்பின் வேரில் ஒரு கூட்டாளி

'கரும்பு தின்னக் கூலியா?' என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இனிக்கும் பண்டத்தைத் தின்பதற்கு ஒருவன் கூலியும் கேட்பானாயின் அவனைக் கண்டு நகைப்போம். ஆனால், கரும்பின் இனிப்பைத் தின்றுவிட்டு, தின்றதற்கு ஈடாகக் கரும்புக்கே கூலி கொடுக்கும் ஒரு சிற்றுயிர் உண்டு என்றால் நீங்கள் வியப்படைவீர்கள் அல்லவா? அவ்வுயிர் கரும்பின் வேருக்குள்ளேயே குடியிருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. கரும்பை நடுகிற முறையாலும் அதற்கு உரமிடுகிற முறையாலும் அச்சிற்றுயிர் செழிக்கிறதா, பட்டினி கிடக்கிறதா, அற்றுப்போகிறதா என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அவ்வுயிர் ஒரு பூசணம். அதாவது காளான் இனத்தைச் சேர்ந்தது. பூசணம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நோய்தான் நம் நினைவுக்கு வருகிறது. கரும்பு பயிரிடுவோர் அஞ்சி நடுங்கும் செவ்வழுகல் நோயும் கரிப்பூட்டை நோயும் பூசணங்களால் வருவனவே. எனினும் மனிதரில் நல்லவரும் தீயவரும் இருப்பதுபோலப் பூசணங்களிலும் நன்மை செய்வன உண்டு. அவற்றுள் தலைசிறந்தது வேரோடு கூடி வாழும் இந்த வேர்ப்பூசணம்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மன் தாவர நூல் அறிஞரான ஃபிராங்க் என்பவர் இந்த உறவுக்கு 'மைக்கோரைசா' என்று பெயர் சூட்டினார். கிரேக்க மொழியில் 'மைக்கஸ்' என்றால் காளான். 'ரைசா' என்றால் வேர். பிரஷ்ய நாட்டு அரசாங்கம், விலையுயர்ந்த உணவான 'டிரஃபிள்' என்னும் நிலத்தடிக் காளானைப் பயிரிட வழியுண்டா என்று ஆராயும்படி அவரைக் கேட்டிருந்தது. அவர் தேடிப்போனது காளான். கண்டறிந்ததோ மரவேர்களுக்கும் பூசணத்துக்கும் இடையே உள்ள நட்பு. காட்டு மரங்கள் பலவற்றில் இப்பூசணம் வேர் நுனியைப் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. கரும்பு, நெல், சோளம், பயறு, வெங்காயம் முதலிய பயிர்களிலோ அது வேறு வகையாகும். வேரின் உள்ளே நுழைந்து உயிரணுக்களுக்குள்ளேயே தங்குகிறது. அதனால் நம்மவர் இதனை 'வேர் உட்பூசணம்' என்கின்றனர். உரக்கடைகளில் இதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டி 'வேம்' என்று சொல்வார்கள்.

இந்த நட்பு நேற்று இன்று ஏற்பட்டதன்று. ஸ்காட்லாந்து நாட்டில் ரைனி என்னும் ஊருக்கருகே சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட செடிகள் கல்லாகச் சமைந்து கிடக்கின்றன. அக்கற்களை மெல்லிய தகடுகளாக அறுத்துப் பார்த்தவர்கள், அச்செடிகளின் திசுக்களில் இன்று கரும்பின் வேரில் காண்பது போன்ற பூசணத்தையே கண்டார்கள். அந்தச் செடிகளில் சிலவற்றிற்கு வேர் என்று சொல்லத்தக்க உறுப்பே இல்லை! செடிக்கு வேர் முளைப்பதற்கு முன்பே பூசணத்தின் துணை கிடைத்துவிட்டது என்றுதான் கருத வேண்டியிருக்கிறது. இன்றும் நிலத்தில் வாழும் தாவர இனங்களில் நூற்றுக்கு எழுபது அளவில் இந்த வகைப் பூசணத்தோடு கூடியே வாழ்கின்றன.

இனி, இப்பூசணம் கரும்புக்குச் செய்யும் தொண்டு யாது என்று பார்ப்போம். பயிருக்கு முதன்மையாக வேண்டிய மூன்று சத்துக்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்பன. இவற்றுள் மணிச்சத்தாகிய பாஸ்பரஸ் ஒரு சோம்பேறி. தழைச்சத்தின் ஒரு வடிவமாகிய நைட்ரேட்டு நீரோடு நீராக ஓடி வேரை வந்து சேரும். மணிச்சத்தோ இருந்த இடத்தைவிட்டு எளிதில் நகராது. கரிசல் நிலத்தில் சுண்ணாம்போடும், செம்மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும் இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஓரிரண்டு மில்லிமீட்டர் தொலைவிலுள்ள மணிச்சத்தை உறிஞ்சிவிட்டபின், அப்பாலுள்ளது தானாக வந்து சேர நெடுநாள் ஆகும். கைக்கெட்டிய கனிகளையெல்லாம் பறித்துவிட்டு மரத்தடியில் அண்ணாந்து நிற்கும் சிறுவனைப்போல வேர் நிற்கிறது.

அச்சமயத்தில்தான் பூசணம் கைகொடுக்கிறது. அதன் இழைகள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கினும் மெல்லியவை. வேரும் வேர்த்தூவியும் புக முடியாத மண் துளைகளில் அவை புகுந்துவிடும். வேரிலிருந்து புறப்பட்டுப் பல சென்டிமீட்டர் தொலைவு சென்று, அங்கே கிடைக்கும் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வாங்கி வேருக்குள்ளே கொண்டுவந்து சேர்க்கும். வேரின் உயிரணுவுக்குள் அவ்விழை கிளைத்துக் கிளைத்து ஒரு மரம்போல் விரிகிறது. ஆகவே அவ்வுறுப்புக்கு அறிவியலார் இட்ட இலத்தீன் பெயருக்குச் 'சிறுமரம்' என்பதே பொருள். இச்சிறுமரம் சில நாட்களே உயிர் வாழும்; பின்னர் வாடும்; வேறோர் உயிரணுவில் புதியதொன்று தோன்றும். பண்டமாற்று நடைபெறும் சந்தை அதுதான். பூசணம் மணிச்சத்தைக் கொடுக்கிறது. கரும்பு சர்க்கரையைக் கொடுக்கிறது. சர்க்கரை மட்டுமன்று, கொழுப்பும் கொடுக்கிறது என்பது 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இப்பூசணத்துக்கு இல்லை. எனவே உயிருள்ள வேரைவிட்டுப் பிரிந்தால் அது நெடுநாள் பிழைக்காது. இந்த ஒரு செய்தியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போவன பலவற்றிற்கும் இதுவே அடிப்படை.

செடி கொடுக்கும் கூலி சிறிதன்று. சூரிய ஒளியில் தான் சமைத்த உணவில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்குவரை பயிர்கள் பூசணத்துக்கு அளிக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு கொடுக்கும் செடி, கணக்குப் பாராமல் இருக்குமா? இருக்காது. மண்ணில் மணிச்சத்து குறைவாக இருக்கும்போது வேர் ஒருவகை வேதிப்பொருளை மிகச் சிறிதளவில் கசியவிடுகிறது. அது பூசணத்துக்கு விடுக்கும் அழைப்பாகும். அந்த அழைப்பை உணர்ந்த பூசண இழை வேரருகே கிளைத்துப் பரவுகிறது என்பதை 2005-இல் அகியாமா முதலிய ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் நிறுவினார்கள். விந்தை என்னவென்றால், இவ்வகைப் பொருள் வேறு காரணத்துக்காக 1966-ஆம் ஆண்டிலேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டிருந்தது. சோளத்திலும் கரும்பிலும் ஒட்டி வாழ்ந்து பயிரைக் கெடுக்கும் சுடுமல்லி என்னும் களையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அக்குடும்பத்துக் களைகளின் விதையை முளைக்கச் செய்வதும் இதே பொருள்தான்! நண்பனை அழைக்கும் குரல் திருடன் காதிலும் விழுந்துவிடுகிறது.

செடிக்கு மணிச்சத்து தாராளமாகக் கிடைத்துவிட்டால் அந்த அழைப்பு குறைந்துவிடுகிறது. வேண்டிய பொருள் வீட்டு வாயிலிலேயே குவிந்து கிடக்கும்போது, அதைத் தூரத்திலிருந்து சுமந்து வருபவனுக்கு ஏன் கூலி கொடுக்கவேண்டும்? ஆகவே செடி தானே கதவைச் சாத்திக்கொள்கிறது. இரசாயன உரம் பூசணத்துக்கு நஞ்சு என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. உரம் பூசணத்தை நேரே கொல்வதில்லை; பூசணம் தேவையில்லை என்ற நிலையைச் செடிக்கு உண்டாக்குகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தால்தான், உரத்தை அறவே ஒழிக்கவேண்டும் என்ற கட்சியையும், உரமே போதும் என்ற கட்சியையும் நடுநிலையில் நின்று ஆராய முடியும்.

கரும்பு என்றவுடன் நமக்குக் கோயமுத்தூர் நினைவு வருவது இயல்பு. 1912-ஆம் ஆண்டில் அங்கே நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் பார்பர் என்பவரும் வெங்கடராமனும், பருத்த கரும்பையும் காட்டு நாணலையும் கலந்து புதிய இனங்களைப் படைத்தார்கள். 1918-இல் வெளிவந்த 'கோ 205' அவ்வழியில் பிறந்ததே. தண்டையும் இனிப்பையும் பற்றி இவ்வாறு நூறாண்டுக்கு மேல் பெருமைப்படத்தக்க அறிவைச் சேர்த்திருக்கிறோம். மண்ணுக்கு அடியில் உள்ள பாதியைப் பற்றியும் அவ்வாறே எண்ணிப் பார்க்கவேண்டும். ஆகவே நடவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வேலையையும் பூசணத்தின் கண்கொண்டு பார்ப்போம்.

கரும்பு நடுவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது என்பது முதற் கேள்வி. நன்செய்களில் நெல்லுக்குப் பின் கரும்பு நடுவது நம் வழக்கம். மாதக்கணக்கில் நீர் தேங்கி நின்ற நிலத்தில் காற்று குறைவு. காற்றின்றி இப்பூசணம் செழிப்பதில்லை. வெற்றுத் தரிசாக நெடுங்காலம் கிடந்த நிலத்திலும் அது குறைந்துபோகும். உண்பதற்கு உயிருள்ள வேர் இல்லையன்றோ? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த டார்லிங் டவுன்ஸ் என்னும் பகுதியில், ஈரத்தைச் சேமிப்பதற்காக நிலத்தை ஓராண்டுக்கு மேலும் களையில்லாமல் வெறுமையாக வைத்திருந்து பிறகு விதைப்பார்கள். ஈரம் மிகுந்திருந்தும் அப்பயிர்கள் மணிச்சத்தும் துத்தநாகமும் இன்றி வாடின. அதற்குக் காரணம் பூசணம் அருகிப்போனதே என்று தாம்ப்சன் என்பவர் 1987-இல் காட்டினார். நம் நாட்டு உழவர், கரும்புக்கு முன் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழுவது தழைச்சத்துக்காக. அந்தச் செடிகளின் வேர்கள் பூசணத்துக்கும் உணவளித்து அதைப் பெருக்கி வைக்கின்றன என்பது அதனால் விளையும் இரண்டாவது நன்மை.

எல்லாச் செடிகளும் பூசணத்தை வரவேற்பன அல்ல. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு, பீட்ரூட் முதலியவை அதனோடு உறவு கொள்வதில்லை. உலகுக்குச் சர்க்கரை தரும் பயிர்கள் இரண்டு: கரும்பு, சர்க்கரைக் கிழங்கு. இரண்டாவது பீட்ரூட்டின் இனம். ஒரே சர்க்கரையை ஆக்கும் இவ்விரண்டில் ஒன்று பூசணத்தின் நண்பன், மற்றது பூசணத்தை அறியாதது என்பது மாணவர்கள் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. கரும்பு வரிசைகளுக்கிடையே ஊடுபயிர் இடும்போது உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, வெங்காயம் போன்றவற்றைத் தேர்ந்தால் பூசணத்துக்கு வீடு இரண்டாகும்.

அடுத்தது உழவு. பூசண இழைகள் மண்ணுக்குள் ஒரு வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. முளைக்கும் புதுவேர் அந்த வலையைத் தொட்டவுடன் அதில் இணைந்துகொள்ளும். மண்ணில் தனித்துக் கிடக்கும் வித்திலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டிய தாமதம் இல்லை. கலப்பையும் சுழல் கலப்பையும் மீண்டும் மீண்டும் ஓடினால் வலை துண்டு துண்டாகும். கனடா நாட்டில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மில்லர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் மக்காச்சோளத்தை வைத்துச் செய்த சோதனைகளில், கிளறாத மண்ணில் வளர்ந்த இளம்பயிர், கிளறிய மண்ணில் வளர்ந்ததைவிட மிகுதியாக மணிச்சத்தை எடுத்தது தெரியவந்தது. ஆனால் கரும்புக்கு ஆழ உழவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓராண்டு நிற்கும் பயிருக்கு இறுகிய மண்ணைத் தளர்த்தியாக வேண்டும். ஒருமுறை ஆழ உழுதால் போதுமான இடத்தில் நான்கு முறை புழுதியாக்குவது வீண் என்பதே நான் சொல்வது.

பின்னர்க் கரணை. நம் உழவர் இரண்டு பரு அல்லது மூன்று பரு உள்ள கரணைகளைச் சாலில் பதிப்பார்கள். கரணையின் கணுவிலிருந்து முதலில் வரும் வேர்கள் மெல்லியவை. சில வாரங்களே பணிபுரிவன. முளைத்த தண்டின் அடியிலிருந்து பருத்த வேர்கள் கிளம்பிய பிறகு அவையே பயிரைக் காக்கின்றன. இந்த மாற்றம் நடைபெறும் பருவத்தில் பூசணத்தின் துணை கிடைப்பது நலம். ஆனால் கரணையை அழுகாமல் காக்க அதைப் பூசணக்கொல்லி மருந்தில் நனைத்து நடுவதும் வழக்கம். கார்பெண்டசிம் என்னும் மருந்தின் இனத்தைச் சேர்ந்தவை நல்ல பூசணத்தையும் தடுக்கவல்லவை. ஆராய்ச்சிக்கூடத்தில் வேர்ப்பூசணம் இல்லாத செடியைப் பெறவேண்டுமானால் அவ்வினத்து மருந்தையே பயன்படுத்துவது வழக்கமாக இருந்தது. இதற்காகக் கரணை நேர்த்தியைக் கைவிடலாகாது. அழுகிய கரணையில் பூசணம் இருந்து என்ன பயன்? கரணையைக் குறித்த அளவு மருந்தில் குறித்த நேரம் நனைப்பதோடு நின்று, மருந்தை மண்ணில் கொட்டாமல் இருப்பதே அறிவுடைமை. பூசண உரம் இடுவதாயின் மருந்தோடு கலக்காமல் பின்னர் இடவேண்டும்.

2009-ஆம் ஆண்டிலிருந்து பரப்பப்பட்டு வரும் நவீன நடவு முறையை உங்களிற் பலர் ஊர்களில் கண்டிருக்கலாம். ஒற்றைப் பருவை மட்டும் செதுக்கி எடுத்து, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் ஒரு மாதம் நாற்றாக வளர்த்து, 5 அடிக்கு 2 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 4,350 நாற்று நடுகிறார்கள். விதைக்கரும்பும் நீரும் இதனால் மிச்சமாகின்றன. பூசணத்தை வைத்துப் பார்த்தால் இம்முறையில் ஒரு குறையும் ஒரு நிறையும் உண்டு. நார்க்கழிவில் வயல் மண் இல்லை. ஆகவே நாற்று தன் முதல் மாதத்தைத் துணையின்றிக் கழிக்கிறது. அது குறை. ஆனால் ஒவ்வொரு குழியிலும் ஒரு சிட்டிகை பூசண உரம் சேர்த்தால் அது வேரின் மேலேயே விழும். வயல் முழுவதும் தூவினால் மூட்டைகள் வேண்டும்; குழித்தட்டில் கையளவே போதும். அது நிறை. பூசண உரம் விலைக்கு வாங்குவதானால் அதைச் செலவிடத் தக்க இடம் நாற்றங்காலே என்பது என் கருத்து.

கரும்புக்கு மற்றப் பயிர்களுக்கில்லாத ஒரு வாய்ப்பு உண்டு, அதுதான் மறுதாம்பு. வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் பயிருக்கு உழவில்லை. பழைய வேர்கள் உடனே மடிவதில்லை. அவற்றோடு பூசண வலையும் மண்ணில் அறுபடாமல் இருக்கிறது. புதிய தூரின் வேர் பிறந்தவுடனே கூட்டாளியைச் சந்திக்கிறது. சோகையை எரிக்காமல் பரப்பிவைத்தால் மண்ணின் ஈரமும் தண்மையும் காக்கப்படும். எக்டேருக்கு 8 முதல் 10 டன் வரையில் கிடைக்கும் சோகை மெல்ல மட்கி உரமாகும். எரிக்கும்போது ஏற்படும் வெப்பம் பெரும்பாலும் மேல் மண்ணோடு நின்றுவிடுகிறது என்பது உண்மையே. ஆனால் போர்வையை இழந்த நிலம் சித்திரை வெயிலில் காய்வதை யார் தடுப்பது?

இனி உரத்துக்கு வருகிறேன். எக்டேருக்கு 275 கிலோ தழைச்சத்து, 62.5 கிலோ மணிச்சத்து, 112.5 கிலோ சாம்பல் சத்து என்பது தமிழ்நாட்டில் கரும்புக்கு நெடுநாள் வழங்கிவந்த பொதுப் பரிந்துரை. பொதுப் பரிந்துரை என்பது மண்ணைச் சோதிக்காதவருக்குச் சொல்லும் விடை. மண்ணைச் சோதித்தால் விடை மாறும். எக்டேருக்கு 11 கிலோவுக்குக் குறைவாக மணிச்சத்து கிடைக்கக்கூடிய மண்ணை ஏழை மண் என்றும், 22 கிலோவுக்கு மேற்பட்டதைச் செல்வ மண் என்றும் நம் ஆய்வுக்கூடங்கள் வகுத்திருக்கின்றன. ஏழை மண்ணில் உரமும் வேண்டும், பூசணமும் வேண்டும். செல்வ மண்ணில் ஆண்டுதோறும் பழைய அளவிலேயே சூப்பர் பாஸ்பேட்டு இடுவது, நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவதை ஒக்கும். அந்தக் காசும் வீண். கரும்பு கதவைச் சாத்துவதால் பூசணமும் குன்றும். ஆலையில் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் 'பிரஸ்மட்' என்னும் கசடு நல்ல உரம். அதில் மணிச்சத்து மிகுதி என்பதை மறந்து, கசடும் கொட்டி முழு அளவு சூப்பரும் இடுவோர் உண்டு. கசடில் உள்ளதைக் கணக்கில் கழித்துக்கொள்ளவேண்டும்.

தழைச்சத்தின் செயல் இவ்வளவு நேரானதன்று. மணிச்சத்து குறைந்த மண்ணில் தழைச்சத்து இட்டால் செடி விரைந்து வளர்ந்து, மணிச்சத்துக்காகப் பூசணத்தை மேலும் நாடும். மணிச்சத்து நிறைந்த மண்ணில் தழைச்சத்தையும் குவித்தால் பூசணத்தின் தேவை இன்னும் குறையும். நான்ஸி ஜான்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1993-இல் ஒரு நுட்பமான வினாவை எழுப்பினார். உரம் மிகுந்த மண்ணில் பூசணத்தின் அளவு மட்டுமா மாறுகிறது, இனமும் மாறுகிறதன்றோ? கூலியைப் பெற்றுக்கொண்டு வேலையைக் குறைவாகச் செய்யும் இனங்கள் அங்கே பெருக வாய்ப்புண்டு என்பது அவருடைய கருத்து. நல்ல வேலையாளுக்கு வேலையே இல்லாத வீட்டில் சோம்பேறிகள் தங்கிவிடுவது இயற்கைதானே!

இவ்வளவும் கேட்டபின், ஒரு பொட்டலம் பூசண உரம் வாங்கி இட்டால் கரும்பு இரட்டிப்பாகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆகும் என்று சொல்லும் விளம்பரங்களும் உண்டு. உண்மையை உள்ளவாறே சொல்லவேண்டும். கரும்பையும் மக்காச்சோளத்தையும் சோயா மொச்சையையும் ஒருங்கே வைத்துக் குவீன்ஸ்லாந்தில் நடத்திய ஆராய்ச்சியில், மற்ற இரண்டும் பூசணத்தால் அடைந்த பயனைக் கரும்பு அடையவில்லை. மணிச்சத்து மிகக் குறைந்த மண்ணில்தான் கரும்புக்கு அதன் உதவி தெரிந்தது. மேலும், பெரும்பாலான வயல்களில் பூசணம் முன்பே இருக்கிறது. உள்ளூர் மண்ணுக்குப் பழகிய கூட்டத்தின் நடுவே, பொட்டலத்திலிருந்து வந்த புதியவர் நிலைபெறுவார் என்பது உறுதியன்று. பொட்டலத்தையும் எளிதில் ஆக்கிவிட முடியாது. மக்காச்சோளம் போன்ற செடியை வளர்த்து, அதன் வேரில்தான் இப்பூசணத்தைப் பெருக்கியெடுக்கிறார்கள். எனவே உழவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'எதை வாங்கி இடலாம்?' என்பதன்று, 'இருப்பதை எதனால் இழக்கிறேன்?' என்பதேயாகும்.

இதைப் பிறர் சொல்லக் கேட்டு நம்பவேண்டியதில்லை. மாணவர்களாகிய நீங்கள் கண்ணால் காணலாம். கரும்பின் மெல்லிய வேர்களைக் கழுவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வேர் வெளுக்கும்வரை சூடாக்குங்கள். இக்கரைசல் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும்; ஆகவே ஆசிரியர் துணையின்றி இதைத் தொடலாகாது. பின்பு பலமுறை நீரில் அலசி, வெள்ளை வினிகரில் நூற்றுக்கு 5 பங்கு பேனா மை கலந்த கரைசலில் மூன்று நிமிடம் கொதிக்கவைத்து, சில துளி வினிகர் கலந்த நீரில் மிகுதி மையைப் போக்குங்கள். விலையுயர்ந்த சாயத்துக்குப் பதிலாக மையையும் வினிகரையும் பயன்படுத்தும் இம்முறை 1998-இல் வெளியிடப்பட்டது. நுண்ணோக்கியில் நீல நூல்களும், முட்டை வடிவமான பைகளும், உயிரணுக்களுக்குள் மேகம் படிந்தாற்போல் சிறுமரங்களும் தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் இதைக் காட்டிவருகிறேன். முதன்முறை பார்க்கும் மாணவர் அநேகமாக எல்லாரும், 'ஐயா, இந்த வேருக்கு நோய் வந்திருக்கிறது' என்றே சொல்வர். நோயில்லாத, பச்சைப் பசேலென்ற கரும்பின் வேர் அது என்று சொன்னால் மீண்டும் ஒருமுறை குனிந்து பார்ப்பர்.

உங்கள் ஊரிலேயே சோகை எரித்த மறுதாம்பு வயல் ஒன்றும், சோகை பரப்பிய வயல் ஒன்றும் இருக்கும். இரண்டும் ஒரே மண், ஒரே இனக் கரும்பு, ஒரே வயது உள்ளனவாகத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் பல இடங்களில் வேரெடுங்கள். நூறு துண்டுகளில் எத்தனையில் நீல நூல் உண்டு என்று எண்ணுங்கள். இரு வயல்களின் மண் பரிசோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். வேறுபாடு தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதுவும் அறிவுதான்.

இது ஆய்வுக்கூடத்து விளையாட்டன்று. இட்ட மணிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவ்வாண்டுப் பயிருக்குக் கிடைப்பது அரிது என்பர். எஞ்சியது மண்ணில் பூட்டிக் கிடக்கிறது. அந்த உரத்துக்கு மூலமான பாஸ்பேட்டுப் பாறைக்கு நம் நாடு பெரும்பாலும் பிற நாடுகளையே நம்பியிருக்கிறது. உலகத்து இருப்பில் பெரும்பங்கு மொராக்கோ நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட நிலத்தில் இருக்கிறது. கப்பலில் வந்து, காசு கொடுத்து வாங்கி, நம் மண்ணிலேயே பூட்டிவைத்த செல்வத்தைத் திறக்கும் சாவிகளில் ஒன்று இந்த மெல்லிய இழை. அது தனியே எல்லாப் பூட்டையும் திறந்துவிடாது; எடுத்துக்கொண்டே போனால் மண் வறிதாகும் என்பதால் உரமும் வேண்டியதே. ஆயினும் மண்ணைச் சோதித்து அளவோடு உரமிடுவதும், உழவைக் குறைப்பதும், சோகையைக் காப்பதும், நிலத்தில் எப்போதும் ஓர் உயிருள்ள வேர் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும் தனிச்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. செலவைக் குறைக்கும் வேலைகள். கரும்பு பயிரிடும் வீட்டிலிருந்து வரும் மாணவர்கள் இந்த விடுமுறையில் ஊருக்குப் போனால், மண் பரிசோதனை அறிக்கை எங்கே இருக்கிறது என்று தந்தையாரிடம் கேளுங்கள். அப்படியொன்று இல்லை என்று அவர் சொன்னால், மண்ணை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.